முதுகில் போடும் ஊசி



"முதுகுல ஊசி போட்டதிலேருந்துதான் டாக்டர் இந்த வலி." மயக்க மருந்து கொடுப்பதைத் தொழிலாகக் கொண்ட எங்களில் இந்தப் புகாரைக் கேட்காதவர் கிடையாது. சொல்பவரின் பிள்ளை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும். சிசேரியன் நடந்து வருடங்கள் ஓடியிருக்கும். ஆனால் குனிந்து நிமிர முடியாமல் போவதற்குக் குற்றவாளி இன்றும் அந்த ஊசிதான். புகார் அவரோடு நிற்பதும் இல்லை. நாளைக்கு மகள் பிரசவ வலியில் துடிக்கும்போது, "வலி குறைய முதுகில் மருந்து கொடுக்கலாமா?" என்று மருத்துவர் கேட்டால், மகள் வாயைத் திறக்கும் முன்பே அம்மாவின் பதில் வந்துவிடும்: "வேணாம்மா, நான் பட்டதே போதும்."

இன்று நான் பேசப்போவது அந்த மருந்தைப் பற்றி. எபிடியூரல் என்பார்கள். சில மருத்துவமனைகளின் வாசலில் 'வலியில்லாப் பிரசவம்' என்று பலகை வைத்திருப்பார்களே, அது இதுதான். அந்தப் பலகை மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சிசேரியனுக்குப் பெரும்பாலும் போடுவது ஸ்பைனல் ஊசி. தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீருக்குள் ஒரே ஒரு முறை மருந்து செலுத்துவோம். சில நிமிடங்களில் இடுப்புக்குக் கீழே மரத்துவிடும். அறுவை முடிந்து சிறிது நேரத்தில் உணர்வு திரும்பும். எபிடியூரல் அவ்வளவு உள்ளே போவதில்லை. அந்த நீரைப் பொதிந்திருக்கும் சவ்வுக்கு வெளியே, கொழுப்பும் சிறு ரத்தக்குழாய்களும் நிறைந்த ஒரு குறுகலான இடம் இருக்கிறது. கர்ப்பப்பையிலிருந்து வலியைக் கொண்டுவரும் நரம்புகள் அந்த வழியாகத்தான் தண்டுவடத்துக்குப் போகின்றன. அங்கே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாயை விட்டு, ஊசியை வெளியே எடுத்துவிடுவோம். ஊசி முதுகிலேயே இருக்கும் என்று நினைத்துப் படுக்கப் பயப்படும் பெண்கள் உண்டு. அப்படி இல்லை, குழாய் மட்டும்தான் இருக்கும். பிள்ளை பிறக்கும்வரை அதன் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து கொடுக்கலாம்.

ஊசி போடும்போது அந்தப் பெண் முதுகை நன்றாக வளைத்து, அசையாமல் இருக்க வேண்டும். இரண்டு வலிகளுக்கு நடுவில் கிடைக்கும் இடைவெளியில்தான் வேலையை முடிப்போம். தண்டுவடத்தில் பட்டுவிடாதா என்ற பயம் நியாயமானது. ஆனால் பெரியவர்களுக்குத் தண்டுவடம், முதுகெலும்பின் இடுப்புப் பகுதியில் முதல் இரண்டு எலும்புகள் அளவிலேயே முடிந்துவிடுகிறது. நாங்கள் ஊசி போடுவது அதற்கும் கீழே, மூன்றாவது நான்காவது எலும்புகளுக்கு இடையில். மருந்து வேலை செய்ய 15, 20 நிமிடங்கள் பிடிக்கும். இப்போது கொடுப்பது மிகவும் நீர்த்த மருந்து. பூபிவாக்கெயின் என்ற மரப்பு மருந்தைக் குறைந்த அளவில் எடுத்து, ஃபென்டனில் என்ற வலிநிவாரணியைக் கொஞ்சம் கலந்து தருகிறோம். நீங்கள் வானொலியின் ஒலியைக் குறைக்கிறீர்களே, அதுபோல வலி தணியும். வயிறு இறுகுவதும், பிள்ளை கீழே அழுத்துவதும் தெரியும். காலை அசைக்கலாம். முக்கச் சொன்னால் முக்கலாம்.

இந்த இடத்துக்கு இடுப்புப் பகுதி வழியாக முதலில் வழி கண்டவர் ஒரு ராணுவ மருத்துவர். ஸ்பெயினைச் சேர்ந்த ஃபிடெல் பாஹெஸ். 1921-இல் தம் முறையை விளக்கி ஸ்பானிய மொழியில் ஒரு கட்டுரை எழுதினார். இரண்டே ஆண்டுகளில், நாற்பது வயதுகூட ஆகாத நிலையில், சாலை விபத்தில் இறந்துபோனார். கட்டுரையை வெளியுலகம் கவனிக்கவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து இத்தாலியின் தொலியோத்தி அதே முறையைத் தாமாகவே கண்டு பரப்பினார். பெயரெல்லாம் அவருக்கே போயிற்று. பாஹெஸுக்கு உரிய இடம் வெகுகாலம் கழித்துத்தான் கிடைத்தது. 1947-இல் கியூபாவின் ஹவானா நகரில் மார்த்தினெஸ் குர்பேலோ என்ற மருத்துவர், சிறுநீர்ப் பாதையில் விடுவதற்கென்று செய்த ஒரு குழாயை முதுகில் விட்டு, மருந்தைத் தொடர்ந்து கொடுக்கலாம் என்று காட்டினார். இன்று பிரசவ அறையில் நாங்கள் பயன்படுத்தும் குழாய் அந்த யோசனையின் வாரிசு.

பிரசவ வலியைக் குறைப்பது பாவமா என்ற சண்டையோ அதற்கும் பழையது. 1847-இல் எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்ப்சன் முதலில் ஈதரையும், பிறகு குளோரோஃபார்மையும் பிரசவத்துக்குக் கொடுத்தபோது, வேதனையோடு பிள்ளை பெறுவாய் என்று ஏவாளுக்குச் சொல்லப்பட்ட விவிலிய வசனத்தைக் காட்டிச் சிலர் எதிர்த்தார்கள். சிம்ப்சன் அதே விவிலியத்தைப் புரட்டினார். ஆதாமின் விலா எலும்பை எடுக்கும் முன் அவனை ஆழ்ந்து தூங்கவைத்தது கடவுள்தானே என்று கேட்டார். 1853-இல் விக்டோரியா மகாராணி தம் எட்டாவது பிள்ளையைக் குளோரோஃபார்மின் உதவியோடு பெற்றார். கொடுத்தவர் ஜான் ஸ்னோ. மறு ஆண்டு லண்டனில், தெருப் பம்பின் தண்ணீரால்தான் காலரா பரவுகிறது என்று கண்டு சொன்ன அதே ஸ்னோதான். மகாராணியே ஏற்றுக்கொண்ட பிறகு எதிர்ப்பின் குரல் தாழ்ந்தது. இங்கே நம் வீடுகளில் அந்தக் குரல் இன்னும் தாழவில்லை. "நாங்கள்லாம் பெத்துக்கலையா?" என்பதும் அதே சண்டைதான். பொறுத்துக்கொண்டவர்களை நான் வணங்குகிறேன். பொறுத்துக்கொண்டே ஆக வேண்டும் என்று இன்னொருத்திக்கு விதிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, முதுகுவலி. எபிடியூரல் போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில், நாள்பட்ட முதுகுவலி இரு சாராருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. ஊசி குத்திய இடம் சில நாட்கள் வலிக்கும், அது உண்மை. மற்றபடி, கர்ப்பத்தில் இடுப்பு மூட்டுகளின் தசைநார்கள் தளர்கின்றன. வயிற்றின் பாரம் முதுகை முன்னால் இழுக்கிறது. பிறகு மாதக்கணக்கில் கூன் போட்டு உட்கார்ந்து பால் கொடுப்பதும், பிள்ளையை ஓர் இடுப்பிலேயே சுமப்பதும், அதோடு வீட்டு வேலையும். இத்தனையையும் விட்டுவிட்டு ஊசியைப் பிடித்துக்கொள்கிறோம்.

சிசேரியனில் கொண்டுபோய் விட்டுவிடும் என்பது அடுத்த பயம். 2018-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 40 ஆய்வுகளை, 11,000-க்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களோடு தொகுத்துப் பார்த்தது. எபிடியூரலால் சிசேரியன் கூடியதாகத் தெரியவில்லை. முக்கும் கட்டம் கொஞ்சம் நீளலாம். பழைய ஆய்வுகளில் ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுப்பது கூடுதலாக இருந்தது. 2005-க்குப் பிறகு நடந்த ஆய்வுகளில் அந்த வேறுபாட்டைக் காணவில்லை. கர்ப்பப்பை வாய் நான்கு சென்டிமீட்டர் திறந்த பிறகுதான் போட வேண்டும் என்று முன்பு காக்கவைப்பார்கள். இப்போது அதுவும் தேவையில்லை.

குறைகளையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ரத்த அழுத்தம் இறங்கலாம். அதனால்தான் முதல் அரைமணி நேரம் அடிக்கடி பார்த்துக்கொண்டே இருப்போம், பிள்ளையின் இதயத்துடிப்பையும் சேர்த்து. உடம்பு அரிக்கலாம், நடுங்கலாம், லேசாகச் சுடலாம். சிறுநீர் கழிக்க முடியாமல் குழாய் வைக்க வேண்டியிருக்கலாம். பத்தில் ஒருவருக்கு ஒரு பக்கம் மட்டும் மரத்து மறுபக்கம் வலிக்கும். குழாயைச் சரிசெய்ய வேண்டும், சில நேரம் மறுபடியும் போட வேண்டும். நூற்றில் ஒருவருக்கு ஊசி சவ்வைத் துளைத்துவிட்டு, எழுந்து உட்கார்ந்தால் மண்டையைப் பிளக்கும் தலைவலி வரும். அதற்கு வைத்தியம் உண்டு. நரம்பு நிரந்தரமாகக் கெடுவது மிக மிக அரிது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களுக்கும், ரத்தத் தட்டணுக்கள் மிகவும் குறைந்தவர்களுக்கும் இதைப் போடமாட்டோம்.

அந்தப் பலகை மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். 'வலியில்லா' என்று வாக்குக் கொடுத்தால், பத்தில் அந்த ஒருத்தி ஏமாற்றப்பட்டதாகத்தானே நினைப்பாள்? 'வலி குறைந்த' என்று எழுதினால் குடியா முழுகிவிடும்?

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் ஏறக்குறைய 45 சதவீதம் சிசேரியன். காரணங்கள் பல. வலிக்குப் பயந்து, "பிள்ளை துடிக்கிறா, கீறியாவது எடுத்துடுங்க டாக்டர்" என்று குடும்பமே கேட்பதும் அவற்றில் ஒன்று. கத்தியில்லாமலே அந்தத் துடிப்பை அடக்க வழி உண்டு என்று அவர்களிடம் யார் சொன்னார்கள்? சொன்னாலும் எல்லா ஊரிலும் கிடைத்துவிடாது. இரவு இரண்டு மணிக்கும் ஒரு மயக்கவியல் மருத்துவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும், ஒரு செவிலியர் அந்தப் படுக்கையை விட்டு நகரக் கூடாது. கூட்டம் நிரம்பிவழியும் அரசு லேபர் வார்டில் இது எளிதல்ல. தனியார் மருத்துவமனையிலோ கட்டணம் தனி. கேட்கும் ஆரோக்கியமான கர்ப்பிணிக்கு எபிடியூரல் தரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-லேயே பரிந்துரைத்துவிட்டது. ஆள் போடுவதும் பணம் ஒதுக்குவதும் அரசின் வேலை.

எல்லாருக்கும் இது வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பக்கத்தில் ஒரு துணை, எழுந்து நடக்க இடம், மூச்சுப் பயிற்சி, இவையே போதும் என்று நினைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அது அவர்கள் முடிவு. வேண்டாம் என்றவள் நடுவில் மனம் மாறி வேண்டும் என்றால், அதையும் யாரும் குறைவாகப் பேச வேண்டாம்.

ஆனால் வலி உச்சத்தில் இருக்கும்போது கையெழுத்துக் காகிதத்தை நீட்டினால் யாருக்கும் எதுவும் புரியாது. ஆகவே கர்ப்பிணிகளே, ஏழாம் மாதப் பரிசோதனைக்குப் போகும்போதே மருத்துவரிடம் கேளுங்கள். இங்கே எபிடியூரல் உண்டா, இரவிலும் உண்டா, என் உடம்புக்கு ஒத்துவருமா, எவ்வளவு செலவாகும் என்று வெட்கப்படாமல் கேளுங்கள். முடிந்தால் மயக்க மருந்து டாக்டரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கணவரும் அம்மாவும் மாமியாரும் கூடவே உட்கார்ந்து கேட்டுக்கொள்ளட்டும். பதிலை மட்டும் அந்தப் பெண்ணையே சொல்லவிடுங்கள்.