தலைவன் போர்த்திய சால்வை

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

தலைவருக்கும் தொண்டருக்கும் உள்ள உறவு பற்றி விவிலியம் கூறும் படிப்பினைகளை எடுத்துரைக்குமாறு நம் செயலாளர் எனக்குப் பணித்துள்ளார். யான் புகைவண்டி நிலையத்தில் எழுத்தர் வேலை பார்ப்பவன். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பு முடிந்தவன். இறையியல் கல்லூரியின் வாயிற்படியை மிதித்தறியேன். இவ்வவையிலோ முருகனைத் தொழுவோரும், பள்ளிவாசல் செல்வோரும், ஞாயிறுதோறும் மாதா கோயில் செல்வோரும் ஒருங்கே வீற்றிருக்கின்றனர். ஆதலின் சமயப் பிரசங்கமாக அன்று, மனிதர் மனிதரை நடத்திய வரலாறாக மட்டுமே இக்கதைகளைச் சொல்லப் புகுகின்றேன்.

அந்நூலைப் படிப்பவர்க்கு முதற்கண் தோன்றும் வியப்பு ஒன்றுண்டு. அங்கே தலைமைக்கு அழைக்கப்பட்டவர் பலரும் அதனை விரும்பாதவர்கள். மோசே தமக்குத் திக்குவாய் என்று சொல்லித் தட்டிக் கழிக்கப் பார்த்தார். இசுரவேல் மக்களின் முதல் அரசனாகத் தெரிந்தெடுக்கப்பட்ட சவுல், முடிசூட்டு நாளன்று மூட்டை முடிச்சுகளுக்கிடையே ஒளிந்துகொண்டான். ஆள் அனுப்பித் தேடிப் பிடிக்க வேண்டியதாயிற்று. பார்சல் கிடங்கில் அரசனைத் தேடிய கதை இது என்று எங்கள் அலுவலகத்தில் யான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. நம் காலத்துத் தேர்தல்களில் அந்தத் தொல்லை எவர்க்கும் நேர்ந்ததாகத் தெரியவில்லை.

மோசேயின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கடல் பிளந்த பகுதி அன்று. அவருடைய மாமனார் எத்திரோ அவரைப் பார்க்க வந்த பகுதியே. காலை முதல் மாலை வரை மோசே ஒருவரே அமர்ந்து வழக்குத் தீர்க்கின்றார். மக்கள் நாள் முழுதும் கால்கடுக்க நிற்கின்றனர். வந்த விருந்தினர் இதனைக் கண்டார். அவர் மீதியான் நாட்டுப் பூசகர். அந்தக் கூட்டத்தில் பிறந்தவர் அல்லர். ஆயினும் வாய் திறந்து, நீ செய்வது நன்றன்று, நீயும் தளர்ந்து போவாய், உன்னோடிருக்கும் மக்களும் தளர்ந்து போவார்கள் என்னும் கருத்துப்படச் சொன்னார். ஆயிரம் பேருக்கு ஒருவர், நூறு பேருக்கு ஒருவர், ஐம்பதுக்கும் பத்துக்கும் ஒவ்வொருவர் என்று பிரித்துக் கொடு; திறமையும் வாய்மையும் உடையவராய், பொருளாசையை வெறுப்பவராய்ப் பார்த்துக் கொடு என்றார். மருமகன் மாமனார் சொல்லை ஒரு சொல்லும் மறுக்காமல் கேட்டு நடந்தான் என்பது கவனிக்கத்தக்கது; வீட்டுக்கு வீடு நடப்பது வேறு என்பதை இங்குள்ள மாமனார்கள் அறிவார்கள்!

எத்திரோ, தளர்பவன் தலைவன் மட்டும் அல்லன் என்று கண்டதே பெரிது. ஓணக் காலத்தில் ஒரே சாளரத்தைத் திறந்து வைத்து, அதன் பின்னால் ஒரே எழுத்தர் பாடுபட்டால், அவர் கடுமையான உழைப்பாளி என்று மேலதிகாரிகள் மெச்சலாம். வரிசையில் கைக்குழந்தையோடு நிற்பவள் மெச்சமாட்டாள். எல்லாவற்றையும் தாமே செய்யும் தலைவர், தம்மைத் தியாகி என்று எண்ணிக்கொண்டிருக்கையில், தொண்டர்களைக் காத்திருக்கச் செய்தே களைக்கப் பண்ணுகின்றார்.

சாலொமோனின் மகன் ரெகொபெயாம் மக்களின் சுமையைக் குறைக்க மறுத்து, நாட்டின் பத்துக் கோத்திரங்களை இழந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லி அப்பால் செல்கின்றேன். முதியோர் அறிவுரையைத் தள்ளி, தன்னோடு வளர்ந்த வாலிபர் பேச்சைக் கேட்டதால் அவன் கெட்டான் என்று இக்கதையைச் சொல்லி, இளைஞரைப் பதவிக்கு அணுகவிடாத பெரியோரை யான் பல மேடைகளில் பார்த்திருக்கின்றேன். அவர்கள் அதே நூலில் சற்றுப் பின்னால் வரும் ஒரு செய்தியைப் படிப்பதில்லை: அரியணை ஏறியபோது ரெகொபெயாமுக்கு வயது 41. அவனோடு வளர்ந்தவர்க்கும் ஏறத்தாழ அதுவே வயதாகும். எனக்கும் அந்த வயதுதான். ஆதலின் அக்கதையில் கண்டிக்கப்படுபவர் இருபது வயதினர் அல்லர், என்னைப் போன்றோரே என்பதனை இளைஞர்கள் நினைவிற் கொள்வார்களாக.

சாமுவேல் தீர்க்கதரிசியோ வேறு வகையினர். முதுமையில் பொறுப்பை விட்டு இறங்குகையில் மக்களனைவரையும் கூட்டி வைத்துத் தாமே கணக்குக் கேட்டார். எவனுடைய எருதை யான் எடுத்தேன், எவனுடைய கழுதையை எடுத்தேன், எவன் கையில் கையூட்டு வாங்கினேன், சொல்லுங்கள், திருப்பித் தருகின்றேன் என்றார். ஒன்றுமில்லை என்று மக்கள் சாட்சி கூறினர். எங்கள் பயணச்சீட்டு அலுவலகத்தில் ஒருவர் பணி முடித்து மற்றொருவர் அமரும்போது, கடைசிச் சீட்டின் எண்ணையும் கையிருப்புத் தொகையையும் எழுதிக் கையொப்பமிட்டுச் ‘சார்ஜ்’ ஒப்படைப்போம். கணினி வந்த பின்னரும் அவ்வழக்கம் போகவில்லை. சாமுவேல் செய்தது அதுவே. எனினும் அவரிடத்தும் ஒரு குறை இருந்தது. தம் பிள்ளைகளை நியாயாதிபதிகளாக அமர்த்தினார். அவர்கள் கையூட்டு வாங்கினர். அதன் விளைவாகவே மக்கள் அரசன் வேண்டும் என்று கிளம்பினர். கணக்கு நேராயிருந்தது; ஒப்படைத்த இடம் நேராயில்லை.

இனி என் பேச்சின் நடுப்பொருளுக்கு வருகின்றேன். எலியா என்னும் பெருந்தீர்க்கதரிசி, வயலில் ஏர் உழுதுகொண்டிருந்த எலிசா என்பவனைக் கடந்து செல்கையில் தம் சால்வையை எடுத்து அவன்மேற் போட்டார். உழவனுக்கு அதன் பொருள் உடனே விளங்கிற்று. ஏரின் மரத்தை விறகாக்கி, உழுத மாட்டைச் சமைத்து ஊராருக்கு விருந்திட்டு, அவர் பின்னே சென்றான்.

நம் விழாக்களில் சால்வை எத்திசையில் செல்கின்றது என்று எண்ணிப் பாருங்கள். தொண்டர் கையிலிருந்து தலைவர் தோளுக்குச் செல்கின்றது. ஒரே மாலையில் ஐந்து, ஆறு சால்வைகள் ஏறிய தோள்களையும் நாம் கண்டிருக்கின்றோம். எலியாவின் சால்வையோ தலைவர் தோளிலிருந்து தொண்டன் தோளுக்கு வந்தது.

இது யோர்தான் நதிக்கரையில் மட்டும் நிகழ்ந்தது அன்று. நமக்கு மிக அண்மையில் நிகழ்ந்தது. கற்சிற்பங்களுக்குப் பெயர் பெற்ற மயிலாடியை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். 1956 நவம்பர் 1ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணையும் வரை, அவ்வூரும் நாம் வாழும் இந்நகரும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தவை. அங்கே மகாராசன் என்றொருவர் வாழ்ந்தார். தாழ்த்தி வைக்கப்பட்டிருந்த சாம்பவர் குலத்திற் பிறந்தவர். சிதம்பரத்துக்கு யாத்திரை சென்றவர், திரும்பும் வழியில் தஞ்சையில் கிறித்துவ போதனையைக் கேட்டு, வேதமாணிக்கம் என்னும் பெயரோடு ஊர் திரும்பினார். எங்கள் ஊருக்கும் ஒரு போதகர் வேண்டும் என்று கேட்டவர் அவரே. தொண்டன் தேடிச் சென்று தலைவனைக் கொணர்ந்த கதை இது.

வந்தவர் பிரஷ்ய நாட்டவரான வில்லியம் தொபியாஸ் ரிங்கல்தௌபே. 1770இற் பிறந்தவர், இலண்டன் மிஷன் சங்கத்தாரால் அனுப்பப்பட்டுத் தரங்கம்பாடியில் தமிழ் பயின்றவர். 1806ஆம் ஆண்டு ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருவிதாங்கூருக்குள் நுழைந்தார். (1981இல் திறந்த நாகர்கோவில் – திருநெல்வேலி இருப்புப்பாதையும் அக்கணவாய் வழியேதான் செல்கின்றது, அவ்வழிப் பயணம் செய்வோர் அம்மலைகளை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பாராக.) ஆலயம் எழுப்ப இசைவு வேண்டித் திருவனந்தபுரத்துக்கும் வந்தார். 1809இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது; அதனோடு பள்ளியும் தோன்றியது.

அவர் வாழ்ந்த வாழ்க்கை எளிமையிலும் எளிமை. வந்த ஊதியத்தின் பெரும்பகுதியை ஏழைகளுக்குக் கொடுத்தார். ஆயினும் தம் பின்னால் வந்தவர்களைப் பற்றி அவர் மயக்கம் கொள்ளவில்லை. ஆன்ம ஈடேற்றத்தை நாடி வந்தவர் சிலரே. வரியிலிருந்தும் ஊழியத்திலிருந்தும் இவர் நம்மை விடுவிப்பார் என்று எண்ணி வந்தவர் பலர் என்று வெளிப்படையாகவே எழுதினார். ஊழியம் என்றால் கூலியில்லாக் கட்டாய வேலை. அக்கால ஏழைக்கு அதிலிருந்து மீள விரும்பியது குற்றமா? குற்றமன்று என்பதே என் துணிபு. கல்லை அப்பமாக்கும் தலைவனைத் தேடும் பசியைப் பசியில்லாதவர் பழிப்பது எளிது. ரிங்கல்தௌபே சலித்துக்கொண்டாரேயன்றி அவர்களை விட்டு விலகவில்லை. பத்தாண்டுக் காலம் உடனிருந்தார்.

1816ஆம் ஆண்டில் உடல்நலம் குன்றி அவர் நாட்டை விட்டுப் புறப்பட வேண்டியதாயிற்று. அடுத்து வரவேண்டிய ஐரோப்பியப் போதகர் எவரும் வந்து சேரவில்லை. அப்போது அவர் வேதமாணிக்கத்தை மயிலாடி ஆலயத்தில் நிறுத்தி, தம்முடைய அங்கியை அவருக்கு அணிவித்துச் சபைகளின் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார் என்பது அச்சபை வரலாற்றில் வரும் செய்தி. அக்காலத் திருவிதாங்கூரில் சாம்பவர் ஒருவர் பொதுவழியில் அச்சமின்றி நடக்கவும் இயலாது. அச்சபைகளிலோ நாடார் மக்களும் பெருந்தொகையினராக இருந்தனர். அந்த அங்கியை அணிவிப்பதற்குத் தலைவருக்கு வேண்டிய துணிவு ஒரு பங்கு என்றால், அதனை அணிந்து நிற்பதற்கு வேதமாணிக்கத்துக்கு வேண்டிய துணிவு இரு பங்கு. எலிசாவும் எலியாவிடம் இரு பங்கு ஆவியையே கேட்டான் என்பது இங்கு என் நினைவுக்கு வருகின்றது.

அங்கியைக் கொடுத்துச் சென்ற மனிதர் சென்னையில் கப்பலேறக் காத்திருந்தபோது, நெடுங்கடற் பயணத்துக்குரிய மேற்சட்டைகூட இல்லாமல், நாட்டு வைக்கோல் தொப்பியோடு இருந்ததாகக் கண்டவர் எழுதி வைத்தனர். அதன் பின் அவர் என்ன ஆனார் என்பது எவர்க்கும் தெரியாமலே போயிற்று.

1818இல் சார்ல்ஸ் மீட் என்னும் ஆங்கிலேயர் வரும்வரை வேதமாணிக்கம் அச்சபைகளைக் காத்து நின்றார். மீட் வந்தபின் அவருக்கு உதவியாளராய் நின்று உழைத்தார். பர்னபா என்றொருவர் பவுலைத் தேடிப் பிடித்து அந்தியோகியாவுக்கு அழைத்து வந்தார். தொடக்கத்தில் ‘பர்னபாவும் சவுலும்’ என்றே எழுதப்பட்ட பெயர்வரிசை, பின்னர்ப் பெரும்பாலும் ‘பவுலும் பர்னபாவும்’ என்று மாறிற்று. பர்னபா அதற்காக முறையிட்டதாக எங்கும் காணவில்லை. அழைப்பிதழில் பெயர் இரண்டாம் வரிக்கு இறங்கினால் விழாவுக்கே வராத அன்பர்கள் எச்சங்கத்திலும் உண்டு! ஆயினும் ஒன்று சொல்லியாக வேண்டும். அங்கி அணிந்து தலைமை தாங்கியவரை மீண்டும் உதவியாளராக்கிய ஏற்பாட்டை நான் முற்றும் மெச்சமாட்டேன். வேதமாணிக்கத்தின் பணிவு பெரிது; அப்பணிவை வேண்டி நின்ற ஏற்பாடு பெரிதன்று.

அந்த மீட் அவர்களின் பிற்கால வரலாறு இந்நகரோடு தொடர்புடையது. மிஷன் நடுவிடத்தை நாகர்கோவிலுக்கு மாற்றி, அங்கே அச்சுக்கூடம் நிறுவிய பெருமகன் அவர். முதுமையில், 1850களின் தொடக்கத்தில், தம் சபைகளைச் சேர்ந்த தாழ்த்தப்பட்ட குடியில் வந்த லோயிஸ் பிடல்ஃப் என்னும் உள்நாட்டுப் பெண்ணை மணந்தார். மக்களெல்லாம் ஒன்று என்று அதுவரை உடன் நின்று போதித்த தோழர்களுக்கு அம்மணம் பொறுக்கவில்லை. முப்பதாண்டுக்கு மேல் உழைத்த மிஷனை விட்டு அவர் விலக நேர்ந்தது.

இதுவும் பழைய கதையே. மோசே எத்தியோப்பியப் பெண்ணை மணந்ததற்காக அவருடைய சொந்தத் தமக்கை மிரியாமும் தமையன் ஆரோனும் அவருக்கு எதிராகப் பேசினர். மோசே தம் பொருட்டு ஒரு சொல்லும் மறுமொழி கூறவில்லை. மிரியாமைத் தொழுநோய் பற்றியபோது அவளுக்காக வேண்டிக்கொண்டவரும் அவரே. ஏழு நாள் அவள் பாளையத்துக்குப் புறம்பே இருந்தாள். அவள் திரும்பும் வரை அத்தனை மக்களும் பயணம் புறப்படாமல் காத்திருந்தனர். பிழை செய்த தலைவிக்காகத் தொண்டர் கூட்டம் ஏழு நாள் நின்றது. மீட் அவர்களுக்காக எவரும் அவ்வாறு நிற்கவில்லை. திருவிதாங்கூர் அரசு அவரை 1855இல் பள்ளிகளின் கண்காணிப்பாளராக அமர்த்திற்று. 1873இல் இதே திருவனந்தபுரத்தில் அவர் காலமானார்.

நேரம் கடந்துவிட்டது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கின்றார். நம் சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள்களை முன்வைத்து அமர்கின்றேன். செயலாளர், பொருளாளர், நூலகப் பொறுப்பாளர் ஆகிய மூவரும் முப்பது வயதுக்குட்பட்ட ஒருவரை இவ்வாண்டு முழுதும் தம் அருகில் அமர்த்தி, ஏடுகளையும் சாவிகளையும் கையாளப் பழக்குவார்களாக. அவ்விளைஞர்கள் தம் சொந்தப் பிள்ளைகளாயில்லாமற் பார்த்துக்கொள்வார்களாக. அடுத்து, பொறுப்பு மாறும் நாளில் விலகுபவர் கணக்கைப் பொதுக்குழுவின் நடுவே நின்று படித்து, சாமுவேலைப் போல் வினவி, உறுப்பினர் வாயால் மறுமொழி பெறுவாராக. செயற்குழு இசைந்தால் அடுத்த பொதுக்குழுவில் இவற்றைத் தீர்மானமாக யானே முன்மொழிவேன்; வழிமொழிய இரண்டு இளைஞர்கள் இப்போதே பெயர் கொடுத்திருக்கின்றனர்.