திருவக்கரைக் கல்மரங்களின் நடுவே

(வெள்ளி விழாவில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



கடவுளின் மகத்துவம் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். நான் போதகன் அல்லன். கரும்பலகையின் முன் நின்று பழகியவன். ஆகவே மறைநூல் விரிவுரை செய்ய முற்படாமல், கண்டதையும் உணர்ந்ததையும் கூறுகிறேன். கிறிஸ்தவர் அல்லாத உறவினரும் இங்குப் பலர் இருக்கின்றீர்கள். என் நம்பிக்கையின் மொழியில் நான் பேசுவதைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

என் தந்தையார் திண்டிவனத்திற்கு அப்பால் ஒரு சிற்றூரில் பண்ணையாளாக இருந்தவர். நிலக்கிழார் எதிரே வந்தால் தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்கு இறங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் நுழையும்போதும் அதே துண்டு அதே இடுப்புக்கு இறங்கும். ஏழெட்டு வயதுச் சிறுவனாகிய நான் இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றேன். கடவுளும் ஒரு பெரிய பண்ணையார் போலும் என்று எண்ணிக்கொண்டேன். மனம் குளிர்ந்தால் மழை தருவார். சினம் கொண்டால் கூலியைப் பிடித்துக்கொள்வார். அவர்பால் எனக்கு இருந்தது பயமே, வியப்பு அன்று.

பின்னர் படித்தேன், பட்டம் பெற்றேன், பணியில் அமர்ந்தேன். பண்ணையார்மீது இருந்த பயம் போயிற்று. அதனோடு கடவுளும் சிறியவராகிப் போனார். பணியிட மாறுதல், மகளுக்குக் கல்லூரியில் இடம், வீட்டுக் கடன் என்று நான் நீட்டும் மனுக்களை வாங்கி வைக்கும் அலுவலர் ஆனார். என் ஜெபங்களை எழுதி வைத்திருந்தால் ஒரு கோப்பு நிறைந்திருக்கும். நம் சபைகளில் ஒலிபெருக்கி அதிரச் சொல்லப்படும் சாட்சிகளிலும் பல இவ்வகையினவே. கேட்பது தவறு என்று கூறமாட்டேன். இல்லாதவன் கேட்காமல் வேறு யார் கேட்பார்? ஆயினும் மனுவின் மீதே கண் வைத்திருந்தவன், அதை வாங்குபவரை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

பார்க்க வைத்தது திருவக்கரை. சில ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்பு மாணவரை அங்கு அழைத்துச் சென்றேன். வானூர் வட்டத்தில், நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே உள்ள ஊர். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையினர் வேலியிட்டுக் காக்கும் செம்மண் மேட்டில் பெருமரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. பிரெஞ்சு நாட்டு ஆராய்ச்சியாளர் சொன்னராத் 18ஆம் நூற்றாண்டிலேயே இவற்றைக் கண்டு எழுதினார். நாமோ பக்கத்திலேயே வாழ்ந்தும், பாதிப்பேர் பார்த்ததில்லை. சில அடிமரங்கள் நம் வகுப்பறையைவிட நீளமானவை. தொட்டால் கல்; பார்த்தால் மரம். பட்டையின் வரிகளும் கணுக்களும் ஆண்டு வளையங்களும் அப்படியே இருக்கின்றன. ஏதோ ஒரு பெருவெள்ளம் இவற்றை அடித்துக்கொண்டு வந்து மணலில் புதைத்தது. கிளையோ இலையோ வேரோ காணப்படாமையால் இவை அங்கேயே வளர்ந்தவை அல்ல என்கின்றனர். நீரில் கரைந்திருந்த சிலிக்கா இழை இழையாக உட்புகுந்து, மரம் இருந்த இடத்தைக் கல் பிடித்துக்கொண்டது. இது நிகழ்ந்து ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகள் ஆகின்றன.

2 கோடி என்றால் பிள்ளைகளுக்குப் புரியாது, எனக்கும் புரியவில்லை. ஆகவே மறுநாள் கரும்பலகையில் கணக்கிட்டோம். அந்த 2 கோடி ஆண்டுகளை ஜனவரி முதல் டிசம்பர் வரையுள்ள ஓர் ஆண்டாகச் சுருக்கினால், ஒரு நாள் என்பது சுமார் 55,000 ஆண்டுகள். மனித இனம் தோன்றுவது டிசம்பர் 26ஆம் தேதியளவில். நம் ஆண்டவர் பெத்லகேமில் பிறப்பது டிசம்பர் 31 இரவு 11 மணி அடித்துச் சில நிமிடங்களில். முந்நூறு ஆண்டுப் பரம்பரை என்று மார்தட்டும் எந்த மிராசும் கடைசி எட்டு நிமிடத்தில் அடங்கிவிடும்.

கணக்கு முடிந்ததும் ஒரு மாணவி எழுந்து, "ஐயா, அந்த மரம் நின்றபோது அந்த நிலம் யார் பேரில் பட்டாவாக இருந்தது?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவள் வீட்டில் பட்டா இல்லை என்பதை நான் அறிவேன். யோபு நூலின் 38ஆம் அதிகாரத்தில், பெருங்காற்றின் நடுவிலிருந்து கர்த்தர் யோபைக் கேட்கும் கேள்வியும் இதுவே அன்றோ? பூமிக்கு அடித்தளம் இட்ட நாளில் நீ எங்கிருந்தாய் என்கிறார். எத்தனையோ முறை வாசித்த அதிகாரம். துன்பப்பட்ட ஒருவரை அதட்டி அடக்கும் சொல்லாகவே அதுவரை அதை நினைத்திருந்தேன். அன்று அக்கேள்வி யோபைக் கடந்து, என் தந்தையார் எதிரே துண்டை இறக்கிய ஒவ்வொருவரையும் நோக்கிச் செல்வதைக் கேட்டேன். பூமி என்னுடையது என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. படைத்தவர் ஒருவரே இருந்தார். பணிவதானால் அவர் முன் பணியலாம்.

வியந்தவர் எல்லாரும் இவ்விடம் வந்து சேர்ந்தனர் என்று நான் கூறமாட்டேன். நாம் ஆலயத்தில் பாடும் கீர்த்தனைகளில் பலவற்றை இயற்றியவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). தரங்கம்பாடி மிஷனரிமாரிடம் வானநூல் கற்று, சூரியனைச் சுற்றிக் கோள்கள் ஓடும் புதிய அறிவைத் தம் பெத்லகேம் குறவஞ்சியில் தேவ துதியாக்கிய பெரும்புலவர். ஆயினும் திருச்சபையில் சாதி வேற்றுமை களையப்பட வேண்டும் என்ற வழக்கு 1829ஆம் ஆண்டளவில் தஞ்சையில் எழுந்தபோது, அவ்வேற்றுமைக்கு ஆதரவாகவே அவர் எழுதினார். 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சபையில் சாதியை ஒழிக்கக் கட்டளையிட்ட பின்னும் பூசல் ஓயவில்லை. கோள்களின் பாதையை அறிந்த உள்ளம், பந்தியின் நடுவே கிடந்த ஒரு கோட்டைக் கடக்கவில்லை! அவர் பாடல்களை நான் இன்றும் பாடுகிறேன், மனமாரப் பாடுகிறேன். பாடும்போது இதையும் மறப்பதில்லை.

இளைஞர் சிலர் என்னிடம், "வியப்பு சோறு போடுமா, ஐயா?" என்று கேட்பதுண்டு. போடாது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் பட்டியல் உரிமை 1956இல் சீக்கியருக்கும், 1990இல் பௌத்தருக்கும் விரிந்தது. கிறிஸ்தவரான நம்மவருக்கு விரியவில்லை. அதற்கு மனுச் செய்ய வேண்டும், வழக்காட வேண்டும். அதற்குச் சட்டம் படித்தவர்கள் இச்சங்கத்திலிருந்து வர வேண்டும். வியப்பு அவ்வேலையைச் செய்து தராது. அம்மனுவோடு அலுவலகப் படியேறும்போது துண்டு தோளிலேயே கிடக்கும், அவ்வளவுதான்.

என் தந்தையார் இறுதிவரை திருவக்கரையைப் பார்க்கவில்லை. அக்குறை எனக்கு உண்டு. விழாவுக்கு அடுத்த சனிக்கிழமை சங்க மாணவரை அங்கு அழைத்துச் செல்ல எண்ணியுள்ளேன். பெற்றோரும் வரலாம்; முதியோர் அவசியம் வர வேண்டும். கட்டுச்சோறும் தண்ணீரும் கொண்டு வாருங்கள். வெயில் கடுமையாக இருக்கும். ஒரு சிறு கல்லையும் எடுத்து வரலாகாது. அது சட்டப்படி குற்றம். தொட்டுப் பார்க்கலாம்.