எல்லைப் பகுதி மக்களும் இணையப் பாதுகாப்பும்

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழகத்தை ஒட்டி அமைந்துள்ள பகுதிகள் பொருளாதார நோக்கில் தனித்தன்மை வாய்ந்தவை. சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் போன்ற ஊர்களைச் சார்ந்த உழவர்கள் தென்னையையும் காய்கறியையும் நம்பி வாழ்பவர்கள். பொள்ளாச்சியும் கோவையும் அவர்களுக்கு அண்மைச் சந்தைகள். தேவிகுளம், பீர்மேடு வட்டங்களின் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். உடும்பன்சோலை வட்டத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குத் தேனி மாவட்டத்திலிருந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாகத் தொழிலாளர் ஜீப்புகளில் ஏறி நாள்தோறும் சென்று திரும்புகின்றனர்.

இப்பகுதிகளில் பணம் கைமாறும் முறை அண்மைக் காலத்தில் பெரிதும் மாறியுள்ளது. ஒரு காலத்தில் கங்காணியின் முன் வரிசையில் நின்று ரொக்கமாகப் பெற்ற கூலி இன்று பெரும்பாலும் வங்கிக் கணக்கில் சேர்கிறது. புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் ஏலக்காய் மின்னணு ஏலத்தில் விற்கப்படுகிறது. 2016இல் தொடங்கப்பெற்ற யூபிஐ முறை தேநீர்க் கடை வரை பரவிவிட்டது. 2023 ஜூன் 5 அன்று கேரள அரசு கே-ஃபோன் என்னும் கண்ணாடி இழை இணையத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது. 2025 ஆகஸ்டு 21 அன்று கேரளம் முழு எண்ணிம எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. இவை பாராட்டத்தக்க முன்னேற்றங்கள். எனினும், கைபேசியை இயக்கத் தெரிவதும் அதனைப் பாதுகாப்பாக இயக்கத் தெரிவதும் வெவ்வேறு திறன்கள்.

இழப்பின் அளவு

இணைய மோசடிகளால் 2023இல் நாட்டு மக்கள் இழந்த தொகை ஏறத்தாழ 7,465 கோடி ரூபாய். 2024இல் அது 22,845 கோடி ரூபாயாக உயர்ந்தது. நாடாளுமன்றத்தில் மத்திய அரசு அளித்த விவரம் இது. மொத்தத் தொகையை மட்டும் கொண்டு இழப்பின் கடுமையை அளவிடுதல் இயலாது. வசதி படைத்த ஒருவர் பத்தாயிரம் ரூபாயை இழந்தால் அவருடைய சேமிப்பில் சிறிது குறையும். கொழுந்தெடுக்கும் பெண் ஒருவர் அதே தொகையை இழந்தால் குடும்பத்தின் மளிகையும் பிள்ளையின் கல்விக் கட்டணமும் பாதிக்கப்படும். அதை ஈடுகட்ட வட்டிக்கடன் வாங்க நேரும். ஒரு லயத்தில் ஒருவர் ஏமாற்றப்பட்டால் அடுத்த வீடுகளிலும் வங்கியின் மீதுள்ள நம்பிக்கை குலைகிறது. ஆகவே இணையப் பாதுகாப்பு, வளர்ச்சித் திட்டங்களின் வெற்றியோடு நேரடித் தொடர்புடைய பொருளாகும்.

மொழி என்னும் இடைவெளி

எல்லைப் பகுதிக்கே உரிய இடர் ஒன்று உண்டு. அங்குள்ள தமிழர் பலர் வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் பேசுகின்றனர். வங்கியின் குறுஞ்செய்தியோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகிறது. அதனைப் படித்துச் சொல்ல இன்னொருவரை நாடவேண்டியுள்ளது. படித்துச் சொல்பவர் நாளடைவில் பணமும் எடுத்துத் தருகிறார். ரகசிய எண்ணும் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால், செய்தியைத் தாமே படித்தறியாத பழக்கம் வேரூன்றிய பின், வங்கி அதிகாரி என்று கூறி அழைக்கும் அயலாரிடமும் அதே எண்ணைச் சொல்லத் தயக்கம் எழுவதில்லை. மோசடிக்காரர் பயன்படுத்திக்கொள்வது இந்தப் பழக்கத்தையே.

எனவே, முதற் பாதுகாப்பு நடவடிக்கை கைபேசியின் மொழியைத் தமிழுக்கு மாற்றுவதாகும். இன்றைய கைபேசிகளில் அமைப்புகள் பகுதியில் இதற்கு இடமுண்டு. பணம் செலுத்தும் செயலிகள் பலவும் தமிழில் இயங்குகின்றன. குறுஞ்செய்தியை வேறொருவர் படித்துச் சொல்லலாம். பின் எண்ணைக் கணக்குக்கு உரியவர் மட்டுமே அழுத்தவேண்டும்.

இரண்டாவது இடர், இரு மாநிலங்களிலும் சிம் அட்டை வைத்திருப்பது. பயன்படுத்தாமல் விடப்பட்ட எண் செயலிழந்து, 90 நாட்களுக்குப் பின்னர் வேறொருவருக்கு வழங்கப்படலாம். வங்கிக் கணக்கும் ஆதாரும் பழைய எண்ணிலேயே இணைந்திருந்தால், ஒருமுறைக் கடவுச்சொல்லாகிய ஓடிபி புதியவரின் கைக்குச் செல்லும். எண்ணைக் கைவிடும் முன் வங்கியிலும் ஆதார் மையத்திலும் புதிய எண்ணைப் பதிவு செய்தல் இன்றியமையாதது. தம் பெயரில் எத்தனை இணைப்புகள் உள்ளன என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அறியலாம். தொலைந்த கைபேசியை முடக்கும் வசதியும் அங்குண்டு. அதற்குத் தேவையான ஐஎம்இஐ எண்ணை, நட்சத்திரக் குறி, சதுரக் குறி, 06, சதுரக் குறி என்று அழுத்தி அறிந்து, வீட்டில் எழுதிவைத்தல் நன்று.

அன்றாடம் கடைப்பிடிக்க வேண்டியவை

பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையில்லை. பணம் கொடுப்பதற்கே அது தேவை. தேங்காய்க்கு முன்பணம் அனுப்புவதாகக் கூறி ஒருவர் கியூஆர் குறியை அனுப்பிப் பின் எண்ணை அழுத்தச் சொன்னால், பணம் உழவரின் கணக்கிலிருந்து வெளியேறப்போகிறது என்பதே பொருள். இந்த ஒரு விதியை மனத்தில் இருத்தினால் பல இழப்புகளைத் தவிர்க்கலாம்.

கூலியும் சேமிப்பும் ஒரு கணக்கில் இருக்கட்டும். அதனைக் கைபேசிச் செயலியோடு இணைக்க வேண்டாம். அன்றாடச் செலவுக்குச் சிறு தொகையுடன் மற்றொரு கணக்கை வைத்து, அதை மட்டும் இணைத்தல் நலம். பெட்டியில் பூட்டிய பணமும் மடியில் முடிந்த பணமும் வேறுவேறாக இருந்த பழைய ஏற்பாடு இதற்கும் பொருந்தும்.

வாகன அபராதம், வங்கி விவரப் புதுப்பிப்பு, அரசு உதவித்தொகை என்ற பெயர்களில் வாட்ஸ்அப் வழியே ஏபிகே கோப்புகள் அனுப்பப்படுகின்றன. அவற்றை நிறுவினால் கைபேசிக்கு வரும் செய்திகள் மோசடிக்காரருக்குத் தெரியவரும். செயலிகளை அதிகாரப்பூர்வக் கடையிலிருந்து மட்டுமே பெறவேண்டும். திரையைப் பகிரச் சொல்லும் எவருக்கும் இணங்கக் கூடாது. வங்கிகளின் இணைய முகவரிகள் ‘டாட் பேங்க் டாட் இன்’ என முடியவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025இல் நெறி வகுத்தது. முகவரியின் இறுதிப் பகுதியை நோக்குதல் பயன் தரும்.

காவல் அதிகாரியின் உடையில் காணொளி அழைப்பில் தோன்றி, ‘டிஜிட்டல் கைது’ செய்துள்ளதாக மிரட்டுவோர் உளர். இந்தியச் சட்டத்தில் அப்படியொரு கைது கிடையாது. 2024 அக்டோபர் 27 அன்று வானொலி உரையில் பிரதமரும் இதனைத் தெளிவுபடுத்தினார். அழைப்பைத் துண்டித்தலே தக்க விடை.

தெரிந்த முகமும் சான்றாகாத காலம் இது. 2023 ஜூலையில், கோழிக்கோட்டைச் சேர்ந்த ஒருவருக்கு முன்னாள் சக ஊழியரின் தோற்றத்தில் காணொளி அழைப்பு வந்தது. செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய போலித் தோற்றம் அது. மருத்துவத் தேவை என்று கேட்கவே, அவர் 40,000 ரூபாய் அனுப்பினார். மீண்டும் பணம் கேட்டபோது ஐயம் எழுந்தது. காலம் தாழ்த்தாமல் புகார் செய்தமையால் கேரளக் காவல்துறையால் அத்தொகையை முடக்கி மீட்க முடிந்தது. பணம் கேட்டு அழைப்பு வந்தால், முன்பே தம்மிடமுள்ள எண்ணில் அவரைத் திரும்ப அழைத்து உறுதி செய்துகொள்ளவேண்டும்.

சிறு தொகைக்கு ஆசைப்பட்டுத் தம் வங்கிக் கணக்கையோ ஏடிஎம் அட்டையையோ பிறர் பயன்பாட்டுக்குக் கொடுக்கும் இளைஞர்களுக்கும் எச்சரிக்கை தேவை. மோசடிப் பணம் அக்கணக்கின் வழியே சென்றால், விசாரணை முதலில் வந்து நிற்பது கணக்குக்கு உரியவரின் வாசலில்தான்.

இழந்தபின் செய்யவேண்டியது

மோசடிப் பணம் சில மணி நேரத்திற்குள் பல கணக்குகளுக்கு மாற்றப்பட்டுவிடும். ஆகவே, 1930 என்ற தேசிய உதவி எண்ணை உடனே அழைக்கவேண்டும். வங்கியின் பெயர், கணக்கு எண், தொகை, நேரம், பரிமாற்றத்தின் 12 இலக்கக் குறிப்பு எண் ஆகியவை கையில் இருக்கட்டும். இணைய வழியில் சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் என்ற தளத்திலும் புகார் பதியலாம். செய்திகளையும் அழைப்புப் பதிவுகளையும் அழித்துவிடலாகாது.

வங்கிக்கும் அன்றே தெரிவித்தல் வேண்டும். வங்கி, வாடிக்கையாளர் இருவர் தவறுமின்றி மூன்றாமவரால் நேர்ந்த இழப்பை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளர் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்று 2017 ஜூலை 6 நாளிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை வகுத்தது. ரகசிய எண்ணைத் தாமே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை நேரும் இழப்பு அவரைச் சாரும் என்றும் அது கூறியது. தாமதத்தின் விலை இதிலிருந்து விளங்கும்.

தேனியில் வசிப்பவர் உடும்பன்சோலையில் பணம் இழந்தால் எங்கே புகார் செய்வது என்ற ஐயம் எழலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, குற்றம் எங்கு நிகழ்ந்திருப்பினும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் அளிக்க வழி செய்கிறது. மேலும், 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளிலுள்ள மாநில அரசு அலுவலகங்களுக்குத் தமிழர் தமிழிலேயே எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் உரிமை வழங்கியுள்ளது. மலையாளத்தில் எழுதத் தெரியவில்லை என்பதால் புகாரைத் தள்ளிப்போட வேண்டிய தேவை இல்லை.

கூட்டுப் பொறுப்பு

தனி மனிதரின் எச்சரிக்கை மட்டும் போதாது. வங்கிக் கிளைகள் எச்சரிக்கைப் பலகைகளைத் தமிழிலும் வைத்தல் வேண்டும். 2002இல் மலப்புறத்தில் தோன்றிய அக்ஷயா மையங்களும், குடும்பஸ்ரீ அயற்கூட்டங்களும், தொழிற்சங்கங்களும், தமிழ்வழிப் பள்ளிகளும் இப்பணியில் கைகோக்கலாம். கூலி நாளன்று லயத்தில் கால் மணி நேரம் விளக்கம் அளித்தாலும் பலன் மிகுதி.

நண்பர்களே, ஏமாற்றப்பட்டவரைப் பழிக்கும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. அந்தப் பழிக்கு அஞ்சிப் பலர் இழப்பை வீட்டாரிடமும் மறைக்கின்றனர். மீட்கக்கூடிய பணமும் அதனால் கைவிட்டுப் போகிறது. அவர்களைக் குறை கூறாமல், முதல் ஒரு மணி நேரத்திற்குள் 1930ஐ அழைக்கத் துணை நிற்பதே அண்டை அயலார் செய்யக்கூடிய பேருதவியாகும்.