ஓடுதா? ஓட்டுறோமா?

"வாழ்க்கை எப்படி?"ன்னு கேட்டா "ஏதோ ஓடுது"ன்னு சொல்றோமாம். அதை வெச்சே எதிரணி நண்பர், வாழ்க்கை தானா ஓடுதுன்னு சாதிச்சிட்டுப் போனார்.

இங்கிலீஷ்ல 'ரன்'ங்கிற வினைச்சொல்லுக்கு மட்டும் 645 அர்த்தம்னு 2011-ல ஆக்ஸ்போர்டு அகராதிக்காரங்க கணக்குச் சொன்னாங்க. அவங்களுக்கு மூக்கு ஓடும், நமக்கு ஒழுகும். அமெரிக்காவுல தேர்தல்ல ஓடுவாங்க, இங்கே நிப்பாங்க. ஓட்டு வாங்கின பிறகுதான் ஓட்டம்! (சிரிப்பு)

ஆனா பாருங்க, மிஷின் ஓடினாலும் 'ரன்', அதை ஆள் ஓட்டினாலும் 'ரன்'. தமிழ்ல 'ஓடுது' வேற, 'ஓட்டுறான்' வேற. நடுவுல ஒரே ஒரு 'ட்' கூடுது. அந்த 'ட்'தான் ஐயா மனுஷன்!

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல வந்தது. பெரிய கம்பெனிகளுக்கு உதிரிப் பாகம் செய்யற சின்னப் பட்டறைகள் அங்கே ஏராளம். ஆர்டர் நின்னா லேத் நிக்கும். லேத் நின்னா சம்பளம் நிக்கும். வீட்டுல உலை நிக்க முடியுமா? அந்த அம்மா விடியக்காலம் இட்லி சுட்டு விக்கிறாங்க. ராத்திரி தையல் மிஷின் மிதிக்கிறாங்க. காதுத் தோட்டை அடகு வெச்சுப் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டறாங்க.

வீட்டுக்காரரைக் கேளுங்க, "ஏதோ ஓடுதுங்க"ம்பார். (சிரிப்பு)

அந்த அம்மாவைக் கேளுங்க நடுவர் அவர்களே. "என்னமோ ஓட்டிக்கிட்டிருக்கேன் அண்ணே"ன்னுதான் சொல்வாங்க. (கைதட்டல்)