லாரி வாங்கினாலும் ஓட்டுநர் தொழிலாளியே

(புனே பகுதித் தமிழ் உறுப்பினர்களுக்கான கட்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சாகன், தளேகாவ், ரஞ்சண்காவ் தொழிற்பேட்டைகளிலிருந்து நவ சேவா துறைமுகத்துக்கும், பெங்களூரு நெடுஞ்சாலை வழியே தெற்கு நோக்கியும் இரவு பகலாகச் சரக்கு லாரிகள் சென்றுகொண்டிருக்கின்றன. அவற்றை ஓட்டுவோரில் தமிழர்களும் உண்டு. கட்கி, தேஹு ரோடு பகுதிகளில் தலைமுறைகளாக வாழும் குடும்பங்களின் பிள்ளைகள் சிலர். நாமக்கல், சங்ககிரி வண்டிகளில் வந்து, நிக்டி டிரான்ஸ்போர்ட் நகரில் ரிட்டர்ன் லோடுக்காகக் காத்திருப்போர் பலர். பத்துப் பதினைந்து ஆண்டுகள் பிறர் வண்டியை ஓட்டிய ஓட்டுநரின் மனத்தில் ஒரு கேள்வி எழுவது இயல்பு: ‘எத்தனை காலம் அடுத்தவர் வண்டியை ஓட்டுவது? சொந்தமாக ஒரு வண்டி எடுத்தால் என்ன?’

இக்கேள்விக்கு இரண்டு பதில்கள் உடனே கிடைக்கின்றன. கடன் கொடுப்பவரும் வண்டி விற்பவரும் ‘உழைத்தால் முதலாளி ஆகலாம்’ என்கின்றனர். தொழிற்சங்க இயக்கத்துக்குள்ளும் சிலர், ‘வண்டி வாங்கிய அன்றே அவர் முதலாளி, சங்கத்துக்கும் அவருக்கும் இனித் தொடர்பில்லை’ என்கின்றனர். இரண்டுமே ஒரே பிழையான கணிப்பின் மீது நிற்பவை. ஆர்.சி. புத்தகத்தில் பெயர் ஏறியதும் வர்க்கம் மாறிவிடுகிறது என்பதே அக்கணிப்பு. உண்மை நிலையை எண்களிலிருந்தே தொடங்கிப் பார்க்க வேண்டும்.

சொந்த வண்டி ஆசை எங்கிருந்து பிறக்கிறது?

1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என வேலை நேரத்தை வரையறுத்தது. ஆனால் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களைக் கொண்ட நிறுவனங்களுக்கே அது பொருந்தியது. ஒன்றிரண்டு லாரி வைத்திருப்போரிடம் வேலை செய்தவர்கள் தொடக்கத்திலேயே வெளியே நிறுத்தப்பட்டனர். இப்போது அச்சட்டமும் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் கரைக்கப்பட்டுவிட்டது. 2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு நான்கு தொகுப்புச் சட்டங்களையும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

கூலி ஓட்டுநர் பலருக்கு வருங்கால வைப்பு நிதி இல்லை, ஈ.எஸ்.ஐ. இல்லை, நிலையான சம்பளத்தைவிடப் படியே பெரிது. டீசல் குறைந்தால் அவர் கணக்கில் பிடித்தம். சரக்கு சேதமானால் அவர் மீது பழி. இந்த அவமதிப்பிலிருந்து தப்பும் வழியாகவே சொந்த வண்டி தோன்றுகிறது. அவ்வாசையைப் பேராசை எனக் கேலி செய்வது உழைப்பாளியை அறியாதோர் செயல். அது கௌரவமான வாழ்வுக்கான விருப்பம். ஆனால் அவ்விருப்பம் எந்த வழியில் நிறைவேறும் என்பதே கேள்வி.

டியூ கணக்கு

ஓர் எடுத்துக்காட்டு. ஓட்டுநர் ஒருவர் 30 லட்சம் ரூபாய் கடனில் வண்டி எடுக்கிறார். வட்டி ஆண்டுக்கு 11 விழுக்காடு. தவணை ஐந்து ஆண்டுகள் எனக் கொள்ளலாம். மாத டியூ ஏறத்தாழ 65,200 ரூபாய். ஐந்தாண்டு முடிவில் கட்டியிருப்பது 39 லட்சத்துக்கும் மேல். முன்பணம், இன்சூரன்ஸ், பெர்மிட் ஆகியவை தனி.

புனேயிலிருந்து சென்னைக்குப் போய்வரச் சுமார் 2,400 கிலோமீட்டர். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்றால் 600 லிட்டர் டீசல். லிட்டர் 90 ரூபாய் எனக் கொண்டாலும், ஒரு நடைக்கு டீசல் மட்டும் 54,000 ரூபாய். இதன் மேல் டோல், டயர் தேய்மானம், வழிச் செலவு, புரோக்கர் கமிஷன் ஆகியவை உள்ளன.

மாதத்துக்கு மூன்று நடை கிடைத்தால் ஒவ்வொரு நடையும் 21,700 ரூபாய் டியூவைச் சுமக்க வேண்டும். ஆலை வாசலில் லோடு ஏற்ற இரண்டு நாள், போன இடத்தில் ரிட்டர்ன் லோடுக்கு மூன்று நாள் எனக் காத்திருக்க நேர்ந்து, நடை இரண்டாகக் குறைந்தால் அச்சுமை 32,600 ரூபாயாக உயரும். காத்திருப்பு நாட்களுக்கு ஆலை நிர்வாகம் பணம் கொடுப்பது அரிது; கடன் நிறுவனமோ ஒரு நாளைக்கும் வட்டி விடுவதில்லை. இடைவெளியை அடைக்க ஓட்டுநரிடம் இருப்பது ஒன்றே ஒன்று: அவரது தூக்கம். கிளீனர் இல்லாமல், இரவு முழுவதும், ஓய்வின்றி ஓட்டுவது அங்கேதான் தொடங்குகிறது. நெடுஞ்சாலை விபத்துகளை ஓட்டுநரின் அலட்சியம் என்று மட்டும் எழுதுவோர் இக்கணக்கைப் பார்ப்பதில்லை.

பழைய வண்டி வாங்கினால் டியூ குறையும். வட்டி விகிதமும் பட்டறைச் செலவும் கூடும். வங்கிகள் கதவைத் திறக்காத இடத்தில்தான் தனியார் கடன் நிறுவனங்கள் வளர்ந்தன. 1979இல் சென்னையில் தொடங்கிய ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் பைனான்ஸ், பழைய லாரி வாங்கும் சிறு உரிமையாளர்களுக்குக் கடன் கொடுத்தே நாட்டின் பெரிய நிதி நிறுவனங்களில் ஒன்றாயிற்று. ஓட்டுநரின் உழைப்பு எவ்வளவு பெரிய மூலதனத்தைத் தாங்க வல்லது என்பதற்கு இதுவே சான்று.

இக்கணக்கில் பெரும்பாலானோர் எழுத மறக்கும் வரி ஒன்று உண்டு. அது ஓட்டுநரின் சொந்தச் சம்பளம். எல்லாச் செலவும் போக மிஞ்சுவதை அவர் ‘லாபம்’ என்கிறார். அதே ஓட்டுநர் பிறரிடம் வேலை செய்திருந்தால் கிடைத்திருக்கும் கூலியை அதிலிருந்து கழித்தால், பல மாதங்களில் லாபம் என ஒன்றும் மிஞ்சாது. தன் கருவியைத் தானே வைத்திருக்கும் உற்பத்தியாளர் ஒரே உடலில் முதலாளியாகவும் கூலியாளாகவும் பிளவுபட்டு நிற்கிறார் என மார்க்ஸ் உபரி மதிப்புக் கோட்பாடுகளில் விளக்கினார். ஒற்றை லாரி உரிமையாளர் அதன் உயிருள்ள எடுத்துக்காட்டு. அவருக்குள் இருக்கும் முதலாளி, அவருக்குள் இருக்கும் தொழிலாளியை உறங்க விடுவதில்லை.

விலையை யார் தீர்மானிக்கிறார்?

2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. டீசல், டோல், இன்சூரன்ஸ் விலைகள் எவற்றிலும் உரிமையாளர்-ஓட்டுநருக்குக் குரல் இல்லை. வாடகையை ஆலைகளும் பெரிய டிரான்ஸ்போர்ட் நிறுவனங்களும் தீர்மானிக்கின்றன. அவ்வாடகையிலும் ஒரு பகுதி முன்பணமாக வரும். மீதி, சரக்கு சேர்ந்த ரசீது திரும்பிய பின், வாரங்கள் கழித்தே வரும். அதாவது ஏழை ஓட்டுநர் பெரிய ஆலைக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கிறார்.

2018 ஜூலையில் ஒன்றிய அரசு லாரிகளின் சுமை வரம்பை உயர்த்தியது. மூன்று அச்சு லாரியின் மொத்த எடை வரம்பு 25 டன்னிலிருந்து 28.5 டன்னானது. புதிய வண்டி ஒன்றுகூடச் சாலைக்கு வராமலே நாட்டின் சுமக்கும் திறன் பெருகியது. வாடகை பேசும் மேசையில் சிறு உரிமையாளரின் பலம் சரிந்தது. அடுத்த ஆண்டே வாகனத் தொழில் மந்தம் பிம்ப்ரி-சிஞ்ச்வட் ஆலைகளில் வேலையற்ற நாட்களைக் கொண்டுவந்தது. 2020 பொதுமுடக்கத்தில் ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் வரை தவணையை ஒத்திவைக்க இடமளித்தது. ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. ஆலை நின்றால் லாரி நிற்கிறது. லாரி நின்றாலும் டியூ நிற்பதில்லை.

சிலியும் கொரியாவும்

உடைமைக்கும் உழைப்புக்கும் இடையே நிற்பதால் இப்பிரிவு ஊசலாடும். எந்தப் பக்கம் சாயும் என்பது, யார் அவர்களைத் திரட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. வரலாற்றில் இதற்கு இரண்டு பாடங்கள் உள்ளன.

1972 அக்டோபரில் சிலி நாட்டு லாரி உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். தெற்கே அய்சென் பகுதியில் அரசுப் போக்குவரத்து நிறுவனம் அமைக்கும் திட்டமே உடனடிக் காரணம். ‘உன் ஒற்றை லாரியையும் அரசு பறிக்கும்’ என்ற அச்சத்தைப் பெருமுதலாளிகள் சிறு உரிமையாளரிடம் விதைத்தனர். வேலைநிறுத்தத்தை ஆதரித்த தனியார் துறை அமைப்புகளுக்கு சி.ஐ.ஏ. பணம் சென்றதை அமெரிக்க செனட் குழுவின் 1975ஆம் ஆண்டு அறிக்கையே பதிவு செய்தது. அயெந்தே அரசு 1973 செப்டம்பர் 11 அன்று இராணுவத்தால் கவிழ்க்கப்பட்டது.

தென் கொரியாவிலும் லாரிகள் பெரும்பாலும் ஓட்டுநரின் சொந்தச் செலவில் வாங்கப்பட்டவை. ஆனால் அங்குள்ள சரக்கு லாரி ஓட்டுநர்கள் தங்களைத் தொழிலாளர்களாகவே அறிவித்து, தொழிற்சங்க இயக்கத்துக்குள் அமைப்பாயினர். 2003 மே மாதத்தில் பூசான் துறைமுகத்தை நிறுத்தினர். குறைந்த வாடகையே அதிக வேகத்துக்கும் தூக்கமின்மைக்கும் காரணம் என வாதிட்டு, ‘பாதுகாப்பு வாடகை’ என்ற குறைந்தபட்ச வாடகை முறையைச் சட்டமாக்கினர். 2020 முதல் கன்டெய்னர், சிமென்ட் லாரிகளுக்கு அது நடைமுறையில் இருந்தது. 2022இல் அதைக் காக்க இருமுறை வேலைநிறுத்தம் செய்தனர். அரசு பணிக்குத் திரும்பும் ஆணைகளை ஏவியது. ஆண்டிறுதியில் சட்டம் காலாவதியானது. அவர்கள் அமைப்பைக் கைவிடவில்லை. 2025இல் கொரிய நாடாளுமன்றம் அம்முறையை மீண்டும் சட்டமாக்கியது.

இந்தியாவிலும் இவ்விரு போக்குகளின் சாயல்கள் தெரிகின்றன. 2018 ஜூலையில் எட்டு நாள் நடந்த லாரி வேலைநிறுத்தத்தில் நூறு லாரி முதலாளியும் ஒற்றை லாரி ஓட்டுநரும் ஒரே பதாகையின் கீழ் நின்றனர். 2024 ஜனவரி தொடக்கத்திலோ, விபத்து நடந்த இடத்தைவிட்டுச் செல்லும் ஓட்டுநருக்குப் பத்தாண்டு வரை சிறை என்ற பாரதிய நியாய சன்ஹிதா 106(2) பிரிவை எதிர்த்து ஓட்டுநர்களே தன்னெழுச்சியாக வண்டிகளை நிறுத்தினர். அவ்வாண்டு ஜூலை 1 அன்று புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பிரிவு நிறுத்திவைக்கப்பட்டது. கூலி ஓட்டுநரையும் உரிமையாளர்-ஓட்டுநரையும் ஸ்டீயரிங் ஒன்றிணைத்த தருணம் அது.

புனேயின் சொந்தப் பாடம்

வழியைத் தேடித் தொலைவில் செல்ல வேண்டியதில்லை. 1950களில் பாபா ஆடவ் புனேயில் சுமைதூக்கும் தொழிலாளர்களை ஹமால் பஞ்சாயத்தாகத் திரட்டினார். இவர்களுக்கு நிலையான முதலாளி இல்லை. இன்று ஒரு கடை, நாளை மற்றொரு கடை. ‘முதலாளி யாரென்றே தெரியாதவருக்கு எப்படிச் சட்டம்?’ என்ற கேள்விக்கு 1969ஆம் ஆண்டின் மகாராஷ்டிர மாத்தாடி சட்டம் பதிலளித்தது. முத்தரப்பு வாரியத்தில் வணிகரும் தொழிலாளியும் பதிவு செய்வர். கூலியையும் அதன் மேல் தீர்வையையும் வணிகர் வாரியத்தில் செலுத்துவார். தொழிலாளிக்குக் கூலியும் வைப்பு நிதியும் பிற பலன்களும் வாரியம் வழியே சேரும். லாரியில் மூட்டை ஏற்றுபவருக்கு அமைப்பாகப் போராடிப் பெற்ற சட்டம் உண்டு. அதே லாரியைக் கடன் வாங்கி ஓட்டுபவருக்கு இல்லை.

குறைந்தபட்ச வாடகைக்கும் சட்ட அடிப்படை இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 67ஆவது பிரிவின்படி, சரக்கு வாகனங்களின் வாடகைக்குக் குறைந்தபட்சமும் அதிகபட்சமும் நிர்ணயிப்பது குறித்துப் போக்குவரத்து ஆணையங்களுக்கு மாநில அரசு கட்டளையிடலாம். இல்லாதது அரசியல் விருப்பம். அதை உருவாக்குவது அமைப்பின் பலம்.

கிளைகள் செய்ய வேண்டியவை

வண்டி எடுக்கலாமா எனக் கேட்கும் ஓட்டுநருக்குக் கட்சித் தோழர்கள் ‘வேண்டாம்’ என்றோ ‘எடு’ என்றோ கட்டளையிட முடியாது. அவரோடு அமர்ந்து கணக்கெழுத முடியும். தன் சம்பளத்தைச் செலவில் சேர்த்தாரா? மூன்று நடைக்குப் பதில் இரண்டு நடை கிடைத்தால் டியூ கட்ட இயலுமா? ரிட்டர்ன் லோடு உறுதியா? காத்திருப்புப் படி எழுத்தில் உள்ளதா? மூன்று மாதம் வண்டி நின்றால் குடும்பம் தாங்குமா? வீட்டுப் பத்திரமும் மனைவியின் நகையும் ஈடாகப் போகின்றனவா? இவற்றுக்கு விடை இல்லாமல் கையெழுத்திடுவது ஆபத்து. இரண்டு மூன்றுக்கு ‘இல்லை’ என்றே விடை வந்தால், இப்போதைக்குக் கூலி ஓட்டுநராக இருந்து சங்கத்தில் சேர்ந்து உரிமை கேட்பதே அவருக்கும் குடும்பத்துக்கும் நல்லது என்பதை மறைக்காமல் கூற வேண்டும்.

எண்ணிப் பார்த்து வண்டி எடுத்தவரை இயக்கம் கைவிடக் கூடாது. தானே ஓட்டும் ஒற்றை லாரி உரிமையாளருக்குச் சங்கத்தில் இடம் வேண்டும். கூலி ஓட்டுநருக்கு எட்டு மணி நேரமும் சமூகப் பாதுகாப்பும், உரிமையாளர்-ஓட்டுநருக்குக் குறைந்தபட்ச வாடகையும் காத்திருப்புக் கட்டணமும், வாடகை பாக்கியைக் குறித்த நாளுக்குள் செலுத்த மாத்தாடி வாரியம் போன்ற முத்தரப்பு வாரியமும், பொதுத்துறை வங்கியில் குறைந்த வட்டிக் கடனும் ஒரே கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற வேண்டும். அவர் நாளை இரண்டாவது வண்டி எடுத்து, அதற்கு ஓர் ஓட்டுநரை அமர்த்தினால், அந்த ஓட்டுநரின் கூலிக்காகச் சங்கம் அவரிடமே கேள்வி கேட்கும். அதையும் முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

சாகன் ஆலை வாசல்களில் காத்திருக்கும் லாரிகளில் எது கூலி ஓட்டுநருடையது, எது கடனில் வாங்கியது என வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. இரண்டிலும் உறக்கமற்ற கண்களே சாலையைப் பார்க்கின்றன. அவ்விருவரையும் ஒரே அமைப்பில் சேர்ப்பதே புனேத் தோழர்களின் உடனடிப் பணி.