துயரிலிருந்து தொண்டுக்கு
(அஞ்செட்டியில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



காட்டு யானையாலோ நோயாலோ குடும்பத் தலைவனை இழந்த வீட்டிற்கு ஆறுதல் கூற ஊரே திரண்டு செல்கிறோம். பதினாறாம் நாளுக்குப் பின் அவ்வீட்டை நாடுவோர் நம்மில் எத்தனை பேர்?

சகோதரி சுப்பலட்சுமி அம்மையார் சிறு வயதிலேயே கணவனை இழந்தவர். குடும்பத்தார் துணைநின்று படிக்க வைத்தனர். 1911-இல் பட்டம் பெற்றார். பின்னர்த் தம்மைப் போன்ற இளம் விதவைகளுக்குச் சென்னையில் இல்லம் அமைத்தார். அங்குத் தங்கிப் பயின்றவர்கள் ஆசிரியைகளாகிப் பிறர்க்குக் கல்வி புகட்டினர். பெற்ற உதவி இவ்வாறு பன்மடங்காகப் பெருகிற்று.

இவ்வழி நமக்கும் புதிதன்று. அஞ்செட்டி தருமபுரி மாவட்டத்தில் இருந்தபோது, 1989-இல், தமிழக அரசின் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் அம்மாவட்டத்தில்தான் முதலில் தொடங்கப்பெற்றது.

ஆகவே, கணவனை இழந்த சகோதரிக்கு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா மாறுதல், உதவித்தொகை ஆகியவற்றை உடன் சென்று பெற்றுத் தருவோம். அவரது கேழ்வரகு நிலத்தைப் பருவம் தவறாமல் உழுது கொடுப்போம். மகளிர் குழுவில் அவருக்கு இடமளிப்போம். துயருற்ற மற்றொரு வீட்டிற்கு நாளை முதலில் விரைந்து செல்பவர் அவராகவே இருப்பார்.