அலமாரியைத் திறந்து பாருங்கள்

(லிட்டில் இந்தியாவில் ஞாயிறு மாலை நடந்த வாசகர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நான் பேராசிரியர் அல்ல, ஆராய்ச்சியாளனும் அல்ல. நம் மக்களின் பழைய எழுத்துகளைத் தேடிச் சேர்ப்பதில் ஆர்வமுள்ள ஒருவன். இன்று உங்களிடம் உதவி கேட்டு வந்திருக்கிறேன். பண உதவி அல்ல.

முதலில் என் வீட்டுக் கதை. என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். இரவில் நாடகம் போடுவார். நாடக நோட்டீசுகள், கையால் எழுதிய வசனங்கள் எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. வீவக வீட்டுக்கு மாறியபோது இடமில்லை என்று அந்தக் காகிதங்களைக் காராங்குனிக்காரரிடம் எடைக்குப் போட்டவன் நான்தான். இன்று என் பேரன், "உங்க அப்பா என்ன நாடகம் போட்டார் தாத்தா?" என்று கேட்கிறான். சொல்வதற்கு என்னிடம் ஒன்றுமில்லை.

உறவுகளே, நாம் நேற்று வந்த சமூகம் அல்ல. 1887-இலேயே மகதூம் சாயபு இங்கு 'சிங்கைநேசன்' என்ற தமிழ் வார இதழை நடத்தினார். அதன் பிரதிகள் பாதுகாக்கப்பட்டதால் அன்றைய நம் வாழ்க்கையை இன்று படிக்க முடிகிறது. 1935-இல் 'தமிழ் முரசு' தொடங்கியது. அதை வளர்த்த கோ. சாரங்கபாணி, 1950களில் 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956-இல் இந்திய இயல் துறை தொடங்கியது. அதற்குத் தமிழ் நூல்கள் வாங்க அந்த நிதி உதவியது. செல்வந்தர்கள் மட்டுமா கொடுத்தார்கள்? அன்றாடம் உழைத்தவர்களும் தங்களால் முடிந்ததைக் கொடுத்தார்கள். பல்கலைக்கழக வாசலை மிதிக்காதவர்கள் பல்கலைக்கழகத்துக்குப் புத்தகம் வாங்கித் தந்தார்கள்!

2015-இல் தொண்டூழியர்கள் கைகோத்து, அதற்கு முந்திய 50 ஆண்டுகளில் வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களைத் தேடிச் சேர்த்தார்கள். தேசிய நூலக வாரியம் அவற்றை மின்வடிவில் காத்து வருகிறது. புத்தகம் போட்டவர்களின் எழுத்து பிழைத்தது. புத்தகம் போட வசதியில்லாதவர்களின் எழுத்து என்ன ஆவது? அது உங்கள் வீட்டு அலமாரியில், கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. அதற்காகத்தான் வந்தேன்.

நான் கேட்பது நான்கே உதவிகள்.

ஒன்று: ஊரிலிருந்து வந்த கடிதம், சங்க நோட்டீஸ், கோயில் திருவிழா அழைப்பிதழ், பள்ளி மலர், எது இருந்தாலும் எறிவதற்கு முன் எங்களிடம் காட்டுங்கள். கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு உங்களிடமே திருப்பித் தருகிறோம்.

இரண்டு: பழைய புகைப்படங்களில் இருப்பவர் யார், எந்த இடம், எந்த ஆண்டு என்று பாட்டி தாத்தா இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். பெயரில்லாத படம் பாதி ஊமை.

மூன்று: பெரியவர்களைப் பேசவிட்டு ஒலிப்பதிவு செய்யுங்கள். கம்பத்து வாழ்க்கை, கப்பல் பயணம், தாலாட்டு, ஒப்பாரி, எதுவானாலும் சரி.

நான்கு: கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்யும் தம்பிகளே, நீங்கள் தங்கும் விடுதியில் எழுதும் கவிதையும் நாட்குறிப்பும் நாளைய வரலாறு. தேதி போட்டு எழுதுங்கள், பத்திரப்படுத்துங்கள்.

சிறுபான்மையாக வாழும் நாம், "இந்த ஊரைக் கட்டியதில் எங்களுக்கும் பங்குண்டு" என்று சொன்னால் மட்டும் போதாது. எடுத்துக் காட்ட வேண்டும். காட்டச் சான்று இல்லாவிட்டால், நம் பிள்ளைகளே நம்மை நம்ப மாட்டார்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் அலமாரியைத் திறந்து பாருங்கள். நான் செய்த தவற்றை நீங்கள் செய்யாதீர்கள்.